பயிற்சி தந்து பொண்ட் எழுதும் யாழ்ப்பாண நிறுவனங்களுக்கு

வணக்கம்.

ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று பிணைமுறி எழுதி வாங்கும் உரிமையாளர்களுக்கும் மனிதவள அதிகாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு பொண்டில் கையெழுத்து வைத்தவள்.

கொழும்பில் ஆறு வாரப் பயிற்சி. கட்டணத்தையும் வெள்ளவத்தையில் தங்கின செலவையும் நிறுவனமே ஏற்றது. அந்தப் பயிற்சி எனக்குப் பெரிய உதவி, மறுக்கமாட்டேன். காசு செலவழித்தவர்கள், ஆள் அடுத்த மாதமே போய்விடக்கூடாது என்று நினைப்பதும் நியாயம். பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் சம்பளத்தோடு வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகும்போது பிணைமுறி எழுதிக் கொடுத்துத்தான் போகிறார்கள். சரி, பொண்ட் இருக்கட்டும். அதில் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும்.

24 மாத பொண்டில் 18 மாதம் முடித்திருந்தேன். அம்மாவைச் சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் மகரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மாதக்கணக்கில் கூட நிற்க வேண்டி வந்தது. இராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். முறியில் உள்ள 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாயையும் முழுதாகக் கட்டச் சொன்னார்கள். பயிற்சி முடிந்த மறுநாள் போகிறவருக்கும் அதே தொகை, 18 மாதம் உழைத்த எனக்கும் அதே தொகை. 24ஆல் பிரித்தால் மாதத்துக்கு 20 ஆயிரம், மிச்சம் ஆறு மாதத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். அதைக் கட்ட நான் தயாராகவே இருந்தேன். முழுத்தொகை எப்படி வந்தது என்று கேட்டேன். ஒரு பற்றுச்சீட்டும் காட்டவில்லை. அலுவலகத்திலேயே ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்து வேலை பழக்கிய நாட்களையும் பயிற்சிச் செலவில் சேர்த்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. புதிதாக வருகிறவருக்கு வேலை பழக்குவது எந்த நிறுவனமும் செய்ய வேண்டிய காரியம் அல்லவா?

பிணையாளி விஷயம்தான் என்னை இன்னும் நோகச் செய்தது. பொண்ட் எழுதும்போது, அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் எனக்குப் பிணையாகக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு யாரிடம் போவோம்? சித்தப்பாவிடம் போனேன், பிறகு என்னைப் படிப்பித்த ரீச்சரிடம் போனேன். ஆங்கிலத்தில் இருந்த எட்டுப் பக்கத்தை இருவரும் என்னை நம்பித்தான் வாசிக்காமல் கையெழுத்திட்டார்கள். சட்டத்தரணியின் கடிதம் எனக்கு வருமுன் சித்தப்பாவின் கந்தோருக்குப் போய்விட்டது. அவர் என்னை ஏசவில்லை. "காசு பரவாயில்லை பிள்ளை, கந்தோரில எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார். ரீச்சரின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் கூச்சம். கடன்பட்டவள் நான் என்றால் முதல் கடிதத்தை எனக்கே அனுப்புங்கள்.

2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் பொண்டை ஏற்றுக்கொண்டதை எனக்கு எடுத்துக் காட்டினார்கள். அது இந்தியச் சட்டம். அங்கே நிபந்தனை 3 வருடம், தொகை 2 இலட்சம் இந்திய ரூபாய். அது ஒரு பொதுத்துறை வங்கி, ஆட்சேர்ப்புக்கு அதற்கு ஆகும் செலவு, விலகியவரின் பதவியும் சம்பளமும் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் நீதிமன்றம் அந்தத் தொகை மிகையல்ல என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டி எந்தத் தொகையையும் எழுதிவிடலாமா?

இன்னொன்று. பொண்ட் காசு கட்டும்வரை சேமலாப நிதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க மாட்டோம், சேவைக் கடிதம் தரமாட்டோம் என்று வெருட்டாதீர்கள். ஊழியரின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி ஊழியருடைய பணம். பொண்ட் கடனுக்கு அதைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமையில்லை. உங்களுக்கு வர வேண்டியது இருந்தால் அதைக் கேட்க நீதிமன்றம் இருக்கிறது.

அடுத்த பிள்ளைக்கு முறியை நீட்டும்போது தமிழில் ஒரு பிரதி கொடுங்கள். வேலைக்கு வந்த முதல் நாளே மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்காமல், இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். உண்மையாகச் செலவான தொகையை எழுதி, அது மாதா மாதம் குறையும் என்றும் எழுதுங்கள். வீட்டில் நோயாளி இருந்து விலக நேர்ந்தால் தவணையாகக் கட்டவும் வழி வையுங்கள்.

பொண்ட் காசை அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டி முடித்து எட்டு மாதமாகிறது. பிணையிலிருந்து விடுவித்தோம் என்று சித்தப்பாவுக்கும் ரீச்சருக்கும் இன்னும் ஒரு கடிதமும் வரவில்லை. உங்கள் கோவைகளிலும் இப்படிக் காசு கட்டி முடித்தவர்களின் பிணையாளிகள் இருப்பார்கள். இந்தக் கிழமையே எடுத்துப் பார்த்து, அவர்களுக்கு அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பொண்ட் காசு கட்டி முடித்த ஒரு முன்னாள் ஊழியர்
யாழ்ப்பாணம்