நைட்ரஜன் கேன் இனி கிடங்கு அறையில் வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். தோல் பிரிவுக்கும் கருத்தரிப்பு லேபுக்கும் வரும் திரவ நைட்ரஜன் கேன்களை இன்று முதல் ஜன்னல் இல்லாத கிடங்கு அறையில் வைக்காதீர்கள். அங்கே ஏசி ஓடுகிறதே என்று சிலர் கேட்டீர்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது.

ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. பத்தடிக்குப் பத்தடி அறையில் 10 லிட்டர் கொட்டினாலே ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கும் கீழே போய்விடலாம். நிறமில்லை, வாசனையில்லை, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. நேராக மயக்கம்தான். எனக்கு இதுதான் பெரிய பயம்.

அதனால் ஆக்ஸிஜன் அலாரம் 19.5 சதவீதத்துக்குக் கீழே ஒலித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தாலும் தனியாக ஓடிப்போய்த் தூக்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டு, மூச்சுக்கருவி உள்ள தீயணைப்புக் குழுவைக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போனவரும் விழுந்த சம்பவங்கள் உண்டு.

மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். லிஃப்டில் கேன் மட்டும் போகட்டும். ஒருவர் கீழே ஏற்றிவிட, மேலே இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், ஊற்றும்போது முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டும் தளர்வான, குளிர் தாங்கும் கையுறையும் கட்டாயம். மைனஸ் 196 டிகிரி, மறக்க வேண்டாம்.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.