அந்த ஆட்டோ அண்ணனுக்கு

போன புதன்கிழமை பெரியம்மாவை அடக்கம் செய்தோம். எங்கள் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நர்ஸம்மாதான். கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள், நான்கு ஐஸ் பேக் வைத்த நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் போகாத தெருவுக்கெல்லாம் நடந்தே போவார். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்குமே, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால், சூட்டில் கெட்டுவிட்டது என்று அந்த மருந்தை எந்தக் குழந்தைக்கும் தர மாட்டார். 2014இல் இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று அறிவித்த அன்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார்.

சரி, நன்றி சொல்லத்தான் வந்தேன். பெரியம்மா இறந்த அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில், மழையில், என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் நின்றபோது, அக்காவை ஆட்டோவுக்குள் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அமரர் ஊர்திக்குப் போன் போட்டு, விடியும் வரை கூடவே இருந்தீர்கள். காசு நீட்டியதற்கு, சட்டைக் கையை மேலே ஏற்றி இடது தோளில் இருந்த பிசிஜி தடுப்பூசித் தழும்பைக் காட்டி, "இது அம்மா போட்டது" என்றீர்கள். பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவசியம் வாங்க அண்ணே, வீடு உங்களுக்குத் தெரியும்.