தோல் ஓபி மேசையில மச்சம் பாக்கற அந்த லைட்ட எடுத்து வைங்க: ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்கிற பெரியவங்களுக்கு வணக்கமுங்க.

எங்கம்மா சோமனூர் பக்கம் தறிக்குடோன்ல வேலைக்குப் போறவங்க. தோல் ஓபில அவங்க சீட்டு இருக்குது, நடந்தது உங்களுக்கே தெரியும். உள்ளங்கால்ல கருப்பா ஒரு மச்சம், புத்துநோயா இருந்துரப் போகுதுன்னு பஞ்ச்சுங்கற 4 மில்லிமீட்டர் வட்டக் கத்தியில சதை எடுத்து, தையல் போட்டு தாட்டி விட்டீங்க. 19 நாள் கழிச்சு சாதா மச்சம்னு ரிப்போர்ட்டு வந்துச்சு. சந்தோசந்தானுங்க, ஆனா அந்தப் புண்ணு?

சக்கரை இருக்கிற காலுங்க. தையல் விட்டு, சீழ் வெச்சு, ஏழு வாரம் ஆறல. தறின்னா நாளெல்லாம் நின்னுதானே ஓட்டோணும், அதனால ஏழு சனிக்கிழமை கூலி போச்சு, கட்டு மாத்த ரெண்டு பஸ்ஸு மாறி வரோணும், படியேறயில குதிகால மட்டும் ஊனி கம்பியப் புடிச்சு ஏறுவாங்க. ஒரு நா பொழுதோட "கால எடுத்துருவாங்களா கண்ணு"ன்னு கேட்டாங்க. எனக்கு வாயில பேச்சே வரல.

வேற வழியில்லன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டேன். போன வாரம் அடுத்த கால்லயும் ஒண்ணு இருக்குதுன்னு காட்டப் போனப்பதான் டாக்டரம்மா சொன்னாங்க, வெட்டாமயே மச்சத்தப் பாக்கற லைட்டு, டெர்மாஸ்கோப்பு, பீரோவுல இருக்குது, பேட்டரி போயிருச்சு, வேணும்னு இண்டெண்ட் எழுதிக் குடுத்து மாசக்கணக்காச்சுன்னு. ஒரு பேட்டரிக்கா இவ்வளவும்? அவங்கள குத்தம் சொல்லலீங்க, ஒத்தையாளா அத்தன கூட்டத்தப் பாக்கறாங்க.

அது உள்ளங்கையளவு சாமான். தோல 10 மடங்கு பெருசாக்கி, போலரைஸ்டு லைட்டால மேல்தோலு மினுக்கத்த அமுக்கிட்டு உள்ள இருக்கிற நிறத்தக் காட்டும். உள்ளங்கால்ல ரேகை மேடும் பள்ளமுமா ஓடுதில்லீங்களா, கருப்பு பள்ளத்துல மெல்லிசாக் கோடு போட்டிருந்தா பெரும்பாலும் சாதா மச்சம், மேட்டுல பட்டையாப் படிஞ்சிருந்தா மெலனோமாங்கற தோல் புத்துநோயான்னு சந்தேகப்படோணும். மேடு எதுன்னு கண்டுபுடிக்க அதுமேல வேர்வைத் தொளைக வெள்ளப் புள்ளியாத் தெரியும். நம்மள மாதிரி கருத்த தோலுக்காரங்களுக்கு மெலனோமா அபூர்வந்தான், ஆனா வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியிலதான் அதிகமா வருது, அப்ப இந்த லைட்டு நமக்குத்தானே மொதல்ல வேணும்? அதே லைட்டுல சொறி சிரங்குப் பூச்சியோட தலை சின்ன முக்கோணமாத் தெரியும், ஹாஸ்டல் புள்ளைகளுக்கும் ஆகும்.

பயாப்ஸியே வேணாம்னு நான் சொல்லலீங்க. சந்தேகம் இருந்தா வெட்டித்தான் பாக்கோணும். மொதல்ல லைட்டுல பாத்துட்டு அப்பறம் வெட்டுங்கன்னுதான் கேக்கறேன்.

வெளிச்சத்தாலயே ஸ்கேன் பண்ற, 1991ல வந்த ஓசிடி மெஷின வெச்சு கண்ணாஸ்பத்திரில விழித்திரைய அடுக்கடுக்காப் பாக்கறாங்க, அதே முறையில தோலுக்குள்ள 1, 2 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் கத்தி படாமப் பாக்கலாம். கான்ஃபோகல்னு ஒண்ணு லேசர வெச்சு மேல் 0.2 மில்லிமீட்டருக்குள்ள செல்லு செல்லாவே காட்டுது. அதெல்லாம் வெலை அதிகம், இன்னைக்கே வேணும்னு நான் கேக்கல. ஆனா திறப்பு விழாவுக்கு பந்தல் போடறப்ப இருக்கிற வேகம், வாங்கி வெச்ச சாமானுக்கு பேட்டரி போடறதுல ஏன் இல்லீங்க? சாயப்பட்டறையில வேலை செஞ்சு கையெல்லாம் வெடிச்சு வர்ற சனங்களும் அதே வரிசையிலதான் நிக்கறாங்க, களிம்பக் குடுத்து அனுப்பீட்டா அவிய வெசனம் தீந்துருமா?

மன்னிக்கோணும், கோவத்துல எங்கியோ போயிட்டேன். கேக்கறது இதுதானுங்க. பேட்டரி போடுங்க, லைட்ட ஓபி மேசையில வைங்க, புதுசா வர்ற டாக்டருக்கும் அதுல பாக்கப் பழக்கி விடுங்க. பேட்டரிக்கு பணம் ஒதுக்க நாளாகும்னா சொல்லுங்க, நானே வாங்கித் தர்றேன்.

வர்ற வியாழக்கிழமை அம்மாவ மறுக்கா கூட்டியாரச் சொல்லியிருக்காங்க. தயவு செஞ்சு அதுக்குள்ள அந்த பீரோவத் தொறங்க.

இப்படிக்கு,
தறிக்காரம்மா ஒருத்தரோட மக