திரைப்பட சங்க ஆண்டறிக்கை: ஃபாஸ்பிண்டரோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு முழுக்க ஒரே இயக்குநரின் படங்களைப் பார்த்தோம். ஜெர்மனியின் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர், 1945இல் பிறந்து 37 வயதில் மறைந்தவர். அதற்குள் 40க்கும் மேற்பட்ட படங்கள்; எழுதிய நாடகங்கள் தனி.

பெர்லின் திரைப்படக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. சரி என்று 1967இல் மியூனிக்கில் ஒரு சின்ன நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடமே நண்பர்களோடு ‘ஆன்டிதியேட்டர்’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். மதுக்கடையின் பின்னறையில்கூட நாடகம் போட்டார்கள். அவருடைய ‘கட்செல்மாக்கர்’ 1968இல் மேடையேறியது, 1969இல் படமானது. படப்பிடிப்பு 9 நாள்தான். கூடவே நாடகம் போட்டுப் பழகிய ஆட்கள் கேமரா முன்னாலும் நின்றதால்தான் அந்த வேகம் வந்தது என்று நினைக்கிறேன். குறும்படம் எடுக்கத் தயாரிப்பாளர் தேடி அலையும் நம் இளைஞர்கள், இந்தப் படம் பார்த்த அன்று வெகுநேரம் கலையவே இல்லை.

‘பெட்ரா ஃபான் காண்டின் கசப்புக் கண்ணீர்’ நாடகத்தை நம் உறுப்பினர் ஒருவர் தமிழில் பெயர்த்துத் தர, வட்டமாக உட்கார்ந்து வாசித்தோம். ஒரே அறை, பெண்கள் மட்டும். அதில் மார்லீன் என்ற பணிப்பெண் வாயே திறப்பதில்லை. அந்தப் பாத்திரம் ஏற்ற உறுப்பினர் கையில் தாளில்லாமல், மேசையில் விரலால் தட்டச்சு செய்தபடி இருந்தார். மற்றவர்கள் பேசப் பேச அந்தத் தட்டல் நிற்கும், பிறகு தொடரும். வாசிப்பு முடிந்ததும் எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். அப்புறம் 1972இல் வந்த படத்தையும் பார்த்தோம்.

கூட நடித்தவர்களிடம் ஃபாஸ்பிண்டர் மிகக் கடுமையாக நடந்துகொண்டதைப் பற்றியும் விவாதம் வந்தது. திறமைக்காக அதை மன்னிக்க முடியாது என்பதே என் கருத்து.

வயதான துப்புரவுப் பெண்ணும் மொராக்கோ தொழிலாளியும் மணந்துகொள்ளும் 1974ஆம் ஆண்டுப் படத்துக்குத்தான் நல்ல கூட்டம். ஆங்கில சப்டைட்டில் வேகமாக ஓடியதில் மூத்த உறுப்பினர்கள் சிரமப்பட்டார்கள். இனி ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் கதைச்சுருக்கம் தருவோம்.

தொலைக்காட்சிக்காக 1980இல் எடுத்த ‘பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்’ பாக்கி. 14 பகுதிகள், 15 மணி நேரத்துக்கு மேல். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்