கல்லடிப் பாலத்துப் படம்

அன்புள்ள மீனாளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்பில் நாயனம் ஊத முடியுமோ என்னவோ. அதை விடு.

மட்டக்களப்பிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் நீ, மேலே முழு நிலா. எடுத்தவருக்குக் கை நடுங்கவே இல்லை.

நீங்கள் வாசிக்கப் போன மாமாங்கேஸ்வரர் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிந்தது. தவில்காரர் மறுவாரமே ஊர் வந்து வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். அமாவாசை போய் நிலா முழுசாக 15 நாள் ஆகும் என்பது பஞ்சாங்கம் பார்க்காதவனுக்கும் தெரியும். கேட்கவில்லை, சும்மா சொன்னேன். விசா 30 நாள்தானே?

உப்பங்காற்றில் நாயனத்துச் சீவாளி வீணாகிவிடும். ராத்திரியில் தோணிக்கு நாயனத்தை எடுத்துப் போகாதே.

குரல் செய்தியையும் கேட்டேன். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கிறது, மீனில்லை சிப்பி என்றும் சொல்கிறார்கள், எதுவானாலும் தூரத்தில் யாரோ சுருதிக்கு ஒத்து ஊதுகிற மாதிரி இருக்கிறது என்றாய். ஒத்து! வேறு யாருக்கு அப்படிச் சொல்லத் தோன்றும்? உங்கம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். ஆனால் போனைக் காதில் அழுத்தி நாலு முறை கேட்டும் எனக்கு மீன் கேட்கவில்லை. "துடுப்ப ஆட்டாதீங்க" என்று ஒரு குரல்தான் கேட்டது. கீழ் ஸ்தாயியில் நல்ல கனம். பாடுகிற பிள்ளையோ?

தலைக்குத் துணி கட்டிக்கொள். தண்ணீர்ப் பக்கம் அதிகம் போகாதே. சீவாளியை ஈரத்தோடு மூடி வைக்காதே.

தெரியாத ஊரில் நடுச்சாமத்தில் உனக்கு என்ன சுற்றல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

பொட்டப்பிள்ளை நாயனம் ஊதுவதா என்று உன் பெரியப்பா குதித்தபோது, "இதே மதுரையில பொன்னுத்தாயம்மா ஊதலையா?" என்று சண்டைக்குப் போனவன் நான். அதை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வேன் கதையை யாரிடமும் சொன்னதில்லை.

கச்சேரி முடிந்து ராத்திரி ஒரு மணிக்குமேல் சிம்மக்கல் பக்கம் வண்டியை நிறுத்துவோம். ஆம்பளைகள் ஆறு பேரும் இறங்கி, கல்லில் கறிதோசை பொரிகிற சத்தத்துக்கு முன்னால் நின்று சாப்பிடுவோம். உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேன். பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டுவேன், குழம்பு உன் பட்டுப்பாவாடையில் ஒழுகும். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் படிகிற ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்து எங்களைப் பார்ப்பாய். "நானும் இறங்கட்டுமாப்பா?" என்று ஒரு தடவை கேட்டாய். "பயலுக நிக்கிற இடம்" என்றேன். அப்புறம் நீ கேட்கவே இல்லை. உன் தோடி ராகத்துக்குத்தான் அன்றைக்குச் சனம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது.

உன் பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டேன். "உன் மகளை ராத்திரிக் கடையில பார்த்தேனே" என்று என்னிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். தூங்காநகரத்தில் பிறந்தவள் ராத்திரி ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டக்களப்புக்குப் போயிருக்கிறாய்.

சரி. திருவாவடுதுறையிலிருந்து நாலு சீவாளி வந்திருக்கிறது. இரண்டு உனக்கு. விலாசம் இல்லாமல் எப்படி அனுப்புவது? ஆவணி மூலத்துக்கு வருகிறாய் என்றால் இங்கேயே இருக்கட்டும். வருவது ஒருவரா, இரண்டு பேரா என்று முன்கூட்டியே சொல், உங்கம்மா அதற்குத் தக்கபடி அரிசி ஊறப்போடுவாள்.

அப்பா