பொருள்: 3000 ஆர்பிஎம் தாண்டினால் படுத்துவிடும் டர்போ, மீண்டும் புகார்

வணக்கம் சார்,

உங்களிடம் டர்போவை (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற சாமான்) ரீகண்டிஷன் செய்து வாங்கிய வெள்ளை நிற 1.3 லிட்டர் டீசல் காரின் சொந்தக்காரன் எழுதுகிறேன். நேரில் மூன்று முறை வந்தாயிற்று, போனில் எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் "எல்லாம் ஓகே சார், ஓட்டிப் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறீர்கள். ஓட்டிப் பார்த்ததால்தான் சார் இதை எழுதுகிறேன்.

மொத்த பில் 19,400 ரூபாய். டர்போவின் கோர் (நடுவில் சுற்றுகிற பாகம்) மாற்றியது, புது ஆக்சுவேட்டர் (டர்போவின் புகைக் கதவைத் திறந்து மூடுவது) 3,800, ஆயில் பைப், கேஸ்கட், லேபர் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறீர்கள், ஆறு மாதம் வாரன்டி என்று சீல் வேறு இருக்கிறது. பழைய டர்போவில் ஷாஃப்ட் ஆடி ஹோஸ் முழுக்க ஆயில் கசிந்தது, அதற்காகத்தான் வண்டியை விட்டேன். அந்தக் கசிவு நின்றுவிட்டது, அதில் எனக்குக் குறை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதுள்ள பிரச்சினை வேறு. வண்டி 1800, 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகிற கணக்கு) நன்றாகவே இழுக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் யாருக்கும் குறையே தெரியாது. 3000 தாண்டியதும் யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. வண்டியை எடுத்த மூன்றாம் நாள் சேலத்தில் இருந்து தர்மபுரிக்குப் போனோம், பின்சீட்டில் அம்மா. தொப்பூர் ஏற்றத்தில் கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று இருபதில் ஊர்ந்துகொண்டிருந்தது, கண்ணாடியைப் பார்த்துவிட்டு மூன்றாவது கியருக்கு இறக்கி வலப்பக்கம் எடுத்தேன். லாரியின் நடுச்சக்கரம் வரைக்கும் ஜம்மென்று போனது. அங்கே முள் 3000-ஐத் தொட்டது, அவ்வளவுதான், மிதி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரு பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. லாரி டிரைவர் நல்ல மனுஷன், நிலைமையைப் பார்த்து அவரே வேகத்தைக் குறைத்து வழி விட்டார். அம்மா வீடு போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே உங்களிடம் வந்தேன். உங்கள் மெக்கானிக் தம்பி என்ன செய்தார்? வண்டியை ஷெட்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4000 வரைக்கும் நாலு தடவை ரேஸ் பண்ணினார். "சத்தம் சுத்தமா இருக்கு சார், விசில் இல்ல, லீக் இல்ல" என்றார். சார், நின்ற இடத்தில் ரேஸ் செய்தால் டீசல் இன்ஜினுக்குச் சுமையே கிடையாது. சுமை இல்லை என்றால் டீசல் அதிகம் எரியாது, சூடான புகை அதிகம் வராது, டர்பைனைச் சுற்ற என்ன இருக்கிறது? பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுகிற கூடுதல் காற்றழுத்தம், எழும்பவே எழும்பாத இடத்தில் பூஸ்ட் விழுகிறதா என்று பார்த்திருக்கிறீர்கள். கிணற்றில் தொலைத்ததைத் திண்ணையில் தேடுகிற கதை.

சரி, நானே பார்க்கிறேன் என்று வண்டியின் சென்சார் அளவுகளைப் போனில் காட்டுகிற ஒரு புளூடூத் ஓபிடி கருவியை வாங்கி மாட்டினேன். என் மச்சானிடம் இதே கார், இதே இன்ஜின், அதே வருஷ மாடல், டர்போவில் கை வைக்காத வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு வண்டியையும் தொப்பூர் ஏற்றத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டிலும் நான்தான் ஓட்டினேன், பக்கத்தில் மச்சான் போனில் பதிவு செய்தார். ஒரே ஏற்றம், மூன்றாவது கியர், முழு மிதி. மச்சான் வண்டியில் இன்டேக் அழுத்தம் (இன்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தம்) 2200 ஆர்பிஎம்மில் 2.15 பார், 3000-ல் 2.12, 3600-ல் 2.05. மேலே போகப்போகக் கொஞ்சம் இறங்குகிறது, அது இயல்பு, குறை சொல்லவில்லை. என் வண்டியில் 2200-ல் 2.00, 3000-ல் 1.80, 3600-ல் 1.58. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் ஏறக்குறைய இதேதான்.

இதை உங்கள் ஆளிடம் காட்டியபோது, "1.58 இருக்கே சார், ஒன்றரை பார் பூஸ்ட் வருதே, இந்த இன்ஜினுக்கு அதுவே ஜாஸ்தி" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அந்த சென்சார் காட்டுவது காற்று மண்டல அழுத்தத்தையும் சேர்த்த கணக்கு. சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் உங்கள் ஸ்கேனரையே பார்க்கச் சொன்னேன், 0.97 காட்டியது. ஓடாத இன்ஜினில் ஒரு பார் பூஸ்ட் எங்கிருந்து வரும்? ஆக என் டர்போ 3600-ல் உண்மையில் தருவது 0.6 பார்தான், மச்சான் வண்டியில் அதே இடத்தில் 1.08. டர்போ வேலை செய்கிற கம்பெனியில் இதைக் கஸ்டமர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த இன்ஜினின் 75 குதிரைத்திறன் 4000 ஆர்பிஎம்மில் வருகிறது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. மேலே காற்று போகவில்லை என்றால் அந்தத் திறன் காகிதத்தில்தான் இருக்கும். "கீழ் ஆர்பிஎம்மிலேயே ஓட்டுங்க, மைலேஜும் கிடைக்கும்" என்று உங்கள் முன்மேசையில் இருக்கிற அம்மா சொன்ன அறிவுரைக்கு நன்றி, ஏற்றத்தில் லாரியைத் தாண்டும்போது அதை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது தடவை வந்தபோது நீங்கள் செய்ததுதான் இன்னும் கொடுமை. ஆக்சுவேட்டர் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, அளவுக் கருவி எதுவும் வைக்காமல், கண் மதிப்பில் ராடைச் சில சுற்று இறுக்கி அனுப்பினீர்கள். அன்றைக்குச் சாயங்காலமே 2300 ஆர்பிஎம்மில் அழுத்தம் 2.45 வரை துள்ளியது, இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி சக்தியை வெட்டிவிட்டு மாட்டு வண்டி மாதிரி வீடு வந்து சேர்ந்தது. ஸ்கேனரில் பிழைக் குறியீடு பி0234, அதாவது பூஸ்ட் அளவுக்கு மிஞ்சிவிட்டது. திரும்பக் கொண்டுவந்தேன், அதே நட்டைப் பழையபடி தளர்த்திவிட்டு "இப்ப செட் ஆயிடுச்சு" என்றார்கள். செட் ஆகவில்லை, பழைய நோய்க்கே திரும்பியிருக்கிறது. இவ்வளவு சின்ன டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் சார், அதை ஒரு ஸ்பேனரும் ஒரு யூகமும் வைத்துக்கொண்டு திருகலாமா?

அப்புறம் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் டர்போ நிபுணர் என்று எந்த போர்டும் வைத்துக்கொண்டதில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தம். டர்போ தள்ளுகிற காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் காற்றை அடைத்து, கிளாம்ப் ஒவ்வொன்றின் மேலும் சோப்புத் தண்ணீர் தடவினார், ஒரு குமிழிகூட வரவில்லை. சைலன்சர் பக்கம் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை. கடைசியாக ஆக்சுவேட்டருக்குப் போகிற சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி, மீட்டர் வைத்த கைப்பம்ப்பைச் செருகி மெல்ல அழுத்தினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். முள் 0.6 பாரைத் தொடும்போதே ராடு நகர ஆரம்பித்துவிட்டது. மச்சான் வண்டியில் அதே பம்ப்பை மாட்டினோம், 1.0 பார் வரை ராடு அசையவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான் சார். ஆர்பிஎம் ஏற ஏறப் புகை அதிகமாகும், டர்போ தேவைக்கு மேல் சுற்றாமல் இருக்க மிச்சப் புகையை வேஸ்ட்கேட் கதவு வெளியே விடும். அந்தக் கதவை எப்போது திறக்க வேண்டுமோ அதுவரை இழுத்து மூடி வைத்திருப்பது ஆக்சுவேட்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கதவு முன்கூட்டியே திறக்கும், மேல் ஆர்பிஎம்மில் இன்ஜினின் புகைக் குழாயில் (மேனிஃபோல்டில்) ஏறுகிற புகை அழுத்தமும் சேர்ந்து கதவைத் தள்ளும், காற்றைத் தள்ள வேண்டிய சக்தி சைலன்சர் வழியாகப் போய்விடும். கீழே இழுப்பதும் மேலே படுப்பதும் அதனால்தான். தளர்ந்த ஸ்பிரிங்கை நட்டைத் திருகிச் சரிக்கட்ட முடியாது, நீங்களே முயன்று பார்த்து 2.45 வரை போய்வந்தீர்கள்.

புது ஆக்சுவேட்டரில் ஸ்பிரிங் எப்படித் தளரும் என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். அண்ணன் டார்ச்சை அதன் அடிப்பக்கம் காட்டினார். மேலே பளபளவென்று சில்வர் பெயின்ட், அடியில் பிராக்கெட்டை ஒட்டி பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது, நகத்தால் ஒன்றை எடுத்தால் உள்ளே பழுப்பு நிறத் துரு. ராடு வளைகிற இடத்திலும் துரு. இரண்டு மாதத்தில் இவ்வளவு துரு பிடிக்க என் வண்டி கடலில் நிற்கவில்லை, சேலத்தில் நிற்கிறது. அது என்னுடைய பழைய ஆக்சுவேட்டரா, வேறு யாருடையதோ என்று எனக்குத் தெரியாது, ஆனால் 3,800 ரூபாய்க்குப் புதிது என்று பில் போட்ட சாமான் அது இல்லை. போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். லாக் நட்டில் நீங்கள் வைத்த சிவப்பு பெயின்ட் அடையாளம் உடையாமல் அப்படியே இருப்பதும் அந்தப் போட்டோவில் தெரியும், எனவே "வெளியே கை வெச்சிட்டீங்க, வாரன்டி கிடையாது" என்று ஆரம்பிக்க வேண்டாம். ரப்பர் குழாயைக் கழற்றி மாட்டியதைத் தவிர யாரும் எதையும் தொடவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். பெட்டி பிரிக்காத புது ஆக்சுவேட்டரை என் கண் முன்னால் பிரித்து மாட்ட வேண்டும். ராடு எத்தனை பாரில் நகர ஆரம்பிக்கிறது என்று மீட்டர் வைத்து செட் செய்து, அந்த அளவை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் ஆள் ஒருவர் என்னோடு வண்டியில் ஏறி, ஏற்றத்தில், முழு மிதியில், 3600 வரைக்கும் அழுத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். மச்சான் வண்டி அளவுக்குப் பக்கத்தில் நின்றால் எனக்கு உங்களோடு ஒரு வழக்கும் இல்லை. இது முடியாது என்றால் ஆக்சுவேட்டர் பணத்தையும் லேபரையும் திருப்பிக் கொடுங்கள், நான் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்து பதினைந்து நாள் பொறுப்பேன். அதற்குள் பதில் இல்லை என்றால் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன், அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. பில், ஜாப் கார்டு நகல், மூன்று ஓட்டத்தின் பதிவு, பம்ப் வைத்துப் பார்த்த வீடியோ எல்லாம் ஒரே கவரில் எடுத்து வைத்திருக்கிறேன்.

வண்டியை இப்போது ஊருக்குள் மட்டும்தான் எடுக்கிறேன், அம்மா இன்னும் அதில் ஏற மாட்டேன் என்கிறார். டெஸ்ட்டுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், லாரி கூட்டம் ஏறுவதற்குள் காலை ஆறு மணிக்கே தொப்பூரில் நிற்க வேண்டும். டீசல் நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வெள்ளைக் கார் கஸ்டமர்,
சேலம்