நிரம்பாத செப்டிக் டேங்க்: நீலகிரியில் வீடு கட்டும் மேஸ்திரிகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மேஸ்திரி அண்ணன்களுக்கும் காண்ட்ராக்டர் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் கட்டின டேங்க் எத்தனை வருஷமானாலும் நிரம்பாது என்று கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் உங்களில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. லாரி கூப்பிடும் செலவு மிச்சம் என்று வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். நாலு பேர் இருக்கும் வீட்டில் டேங்க் நிரம்பவே இல்லையென்றால், பெரும்பாலும் அடியில் தளம் போடவில்லை என்றுதான் அர்த்தம். அங்கே இறங்கியதெல்லாம் சரிவில் கீழே இருக்கும் ஊற்றைத் தேடிப் போகிறது.

நம் மலையின் பாறை சார்னோகைட். அதற்கு மேலே காலகாலமாக மழையில் உளுத்த செம்மண். மழைத் தண்ணீர் அந்த மண்ணில் இறங்கி, கெட்டிப் பாறை தடுக்கிற இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் எங்காவது ஊற்றாக வெளியே வருகிறது. கடல் பக்கத்தில் இல்லை, பாறையிலும் உப்பு இல்லை. அதனால் மாசுபடாத ஊற்றில் குளோரைடு சொற்பம், சுண்ணாம்பும் சொற்பம். சோப்பு போட்டால் அலசி முடியாது, அவ்வளவு நுரை.

அப்படிப்பட்ட ஊற்றில் குளோரைடு ஏறினால் பெரும்பாலும் மனிதக் கைவரிசைதான், நாம் தின்ற உப்பு கழிவோடு வந்து கலப்பதுபோல. மண் குளோரைடைப் பிடித்து வைக்காது, நுண்ணுயிர்களும் தின்னாது. கூடவே வருவது நைட்ரேட். கழிவிலுள்ள அம்மோனியாவைக் காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடும். நாற்றம் போய்விடும், தண்ணீரும் தெளிந்துவிடும். பார்த்தால் குடிக்கத் தோன்றும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. அதற்கு மேல் எந்தத் தளர்வும் கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாயும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

பழியை எல்லாம் உங்கள் தலையில் கட்டவில்லை. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போடும் பொட்டாஷ் உரமே பொட்டாசியம் குளோரைடுதான். யூரியா கடைசியில் நைட்ரேட்டாகத்தான் முடியும். ஆனால் மேலே தோட்டமே இல்லாமல் காட்டேஜ்கள் மட்டும் இருக்கும் சரிவில் உரத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

சிமெண்டும் சும்மா இருப்பதில்லை. தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைக்குக் கீழே வெள்ளையாகப் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். மலைத் தண்ணீர் கான்கிரீட்டிலிருந்து கரைத்து வந்த சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகியது அது. குடித்தால் கெடுதல் இல்லை. டீ வைக்கும் பாத்திரத்தில் வெள்ளை படியும், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் அந்த ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். பின்னால் தண்ணீர் தேங்கினால் அடுத்த மழைக்குச் சுவரே சாய்ந்துவிடும்.

என்னை அதைவிடக் கவலைப்பட வைப்பது பைப் பள்ளம். சரிவில் நேராகத் தோண்டி, பைப்பைப் போட்டு, ஜல்லியும் மணலும் கொட்டி மூடிவிடுகிறோம். கசிகிற கழிவுநீர் மண்ணில் வடிகட்டப்படாமல் அந்த ஜல்லி வழியே விறுவிறுவென்று இறங்கிவிடும். இடையிடையே களிமண் வைத்து இடித்து இறுக்கினாலே ஓட்டம் குறையும். பெரிய செலவில்லை.

சரி, டேங்குக்கு அடித்தளம் போட்டு, உள்ளே பூசி, ஒழுங்காகக் கட்டினால் முடிந்ததா? இல்லை. டேங்கில் தங்குவது சகதிதான். தெளிந்த நீரோடு நைட்ரஜன் உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். அதனால்தான் குழியை எங்கே தோண்டுகிறீர்கள் என்பது முக்கியம். கடப்பாரையைப் போடும் முன் சரிவில் கொஞ்சம் கீழே இறங்கி, ஊற்று எங்கே என்று பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பெரியவர்களைக் கேளுங்கள். குழி அந்த ஊற்றுக்கு மேல்சரிவில் வர வேண்டாம். மனையே அப்படித்தான் என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஊற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில், குடிவந்து ஒரு மழைக்காலம் போனதும் இன்னொரு பாட்டில் எடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் குளோரைடும் நைட்ரேட்டும் பார்க்கக் கொடுங்கள். அந்தக் கட்டணத்தை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடலாம். அறிக்கையில் ஒரு நகல் வீட்டுக்காரருக்கு, இன்னொன்று கீழே குடியிருப்பவர்களுக்கு.

இப்படிக்கு,
கீழ்ச்சரிவில் குடியிருக்கும் ஒருவன்